அமெரிக்க நாவல்களில் கை படாத நிலம்: படிக்கும் முறையும் சறுக்கும் இடங்களும்

'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலில் கேட்ஸ்பி அக்கரையில் பார்த்து ஏங்கும் பச்சை விளக்கைப் பற்றி, 'பச்சை விளக்கு என்றால் அமெரிக்கக் கனவு' என்று எழுதினால் தேர்வில் பாஸ் ஆகிவிடலாம். நாவல் பிடிபடாது. 'தி கிரேட் கேட்ஸ்பி' வெளிவந்தது 1925 ஏப்ரலில். 'அமெரிக்கக் கனவு' என்ற தொடரை எல்லோர் வாயிலும் புழங்கவிட்டது, ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1931இல் எழுதிய புத்தகம். ஃபிட்ஸ்ஜெரால்டின் நாவலுக்குள் அந்தத் தொடர் ஓரிடத்திலும் வராது. அங்கே இருப்பது புல்தரை, சாம்பல் மேடு, வெட்டப்பட்ட மரங்கள், கடலோர வீட்டு மனைகள். படிப்பை இவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்கப் புனைவில் யார் கையும் படாத நிலம் என்று ஒன்று வர்ணிக்கப்பட்டால், பெரும்பாலும் அது கைவிட்டுப் போன பிறகே வர்ணிக்கப்படும். அதைச் சொல்லி ஏங்குகிறவருக்கும் அது போனதில் ஏதோ ஒரு பங்கு இருக்கும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் கூப்பரிலிருந்து ஃபாக்னர் வரை வழி திறக்கும். விட்டுவிட்டால் 'இயற்கை அழகு', 'ஏக்கம்' என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருப்போம்.

மூன்று கேள்விகள், ஒரு தாள்

முதல் வாசிப்பில் பென்சிலை எடுக்காதீர்கள். கதை மனதில் நிற்கட்டும். இரண்டாம் வாசிப்பில் நிலம் வரும் பத்திகளுக்கு மட்டும் ஓரக்கோடு போடுங்கள். கேட்ஸ்பி போன்ற சின்ன நாவலில் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு மேல் கோடு விழுந்தால் தேவையில்லாததையும் சேர்த்துவிட்டீர்கள் என்று பொருள். ஒரு வரியில் வந்துபோகும் மரத்தையும் வானிலையையும் கழித்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு பத்தியிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் பார்க்கிறார்? எந்த வருஷத்தில் நின்றுகொண்டு சொல்கிறார்? பத்திரம் யார் பேரில்?

முதல் இரண்டும் எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதுதான். மூன்றாவதைத்தான் பலரும் கேட்பதில்லை. நிலத்தை யார் அளந்தார்கள், யார் விற்றார்கள், என்ன விலைக்கு, அதற்கு முன் யார் இருந்தார்கள் என்ற விவரம் இந்த நாவல்களில் பெரும்பாலும் வெளிப்படையாகவே கிடக்கும். வர்ணனையின் அழகில் மயங்கி நாம் தாண்டிவிடுகிறோம். நான்கு நெடுவரிசை போட்ட ஒரு தாளில் பக்க எண், பார்ப்பவர், காலம், உரிமை என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நான்காவது நெடுவரிசை காலியாக இருக்கும் இடங்களையும் குறியுங்கள். ஆசிரியர் எதையாவது மறைத்திருந்தால் அங்கேதான் மறைத்திருப்பார்.

தாளின் தலைப்பில் சில வருஷங்களையும் எழுதிவைப்பது நல்லது. 1785இல் வந்த நில அளவைச் சட்டம், மேற்கு நிலத்தை ஆறாறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 கட்டங்களாகவும் பிரித்தது. 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. குடியேறிய நிலம் முடிந்து திறந்த நிலம் தொடங்கும் எல்லைக்கோடு என்று இனிமேல் ஒன்றைக் காட்ட முடியாது என்றது 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதை வைத்து வரலாற்றாசிரியர் ஃபிரடெரிக் ஜாக்சன் டர்னர் 1893இல் சிகாகோவில் தன் புகழ்பெற்ற கட்டுரையை வாசித்தார். கேதர், ஃபிட்ஸ்ஜெரால்டு, ஃபாக்னர் மூவரும் நாவல் எழுத வந்தது அதற்கும் பிறகு. 'திறந்த நிலம்' அவர்களுக்கு நடப்புச் செய்தி அல்ல, கேள்விப்பட்டது அல்லது குழந்தைப் பருவ நினைவு.

எந்தப் பதிப்பு

இதில் அசட்டையாக இருந்தால் பாதி நாவல் போய்விடும். மிக மோசமாக அடி விழுவது ஃபாக்னரின் 'தி பேர்' நெடுங்கதையில். 1942இல் வந்த 'கோ டவுன், மோசஸ்' புத்தகத்தில் அது ஐந்து பகுதிகள் கொண்டது. 1955இல் வேட்டைக் கதைகளை மட்டும் திரட்டி ஃபாக்னர் வெளியிட்ட 'பிக் உட்ஸ்' தொகுப்பில் நான்காம் பகுதி கிடையாது. அந்த நான்காம் பகுதியில்தான் பண்ணைக் கணக்குப் புத்தகம் வருகிறது. அது இல்லாமல் படித்தால் நல்ல கரடி வேட்டைக் கதை ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். கையில் இருக்கும் புத்தகத்தில் ஐந்து பகுதிகள் இருக்கின்றனவா என்று முதலில் எண்ணுங்கள்.

வில்லா கேதரின் 'மை அன்டோனியா'வில் (1918) முன்னுரையைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. அது பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரை அல்ல, நாவலின் பகுதி. 1926 பதிப்புக்காக கேதர் அதைச் சுருக்கினார். இரண்டில் எது கிடைத்தாலும் பரவாயில்லை, படித்துவிட வேண்டும். காரணம் பின்னால் வரும்.

கேட்ஸ்பி அமெரிக்காவில் 2021 ஜனவரி முதல் காப்புரிமை இல்லாத நூல். அதனால் மலிவுப் பதிப்புகள் குவிந்துகிடக்கின்றன. சோதிக்க எளிய வழி, கடைசிப் பக்கத்தில் எதிர்காலத்தைப் பற்றி வரும் அடைமொழி. ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதியது 'ஆர்காஸ்டிக்' (orgastic). விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1941 பதிப்பில் அதை 'ஆர்ஜியாஸ்டிக்' (orgiastic) என்று திருத்தினார். திருத்தம் நிலைத்துப் பல பதிப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறது என்று பார்த்தால், எந்த மூலத்தை வைத்து அச்சடித்தார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கேட்ஸ்பி: கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி

இரண்டாம் வாசிப்பை ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசி ஒன்றிரண்டு பக்கங்களில் தொடங்குங்கள். நிலவொளியில் கதைசொல்லி நிக் கடற்கரையில் படுத்திருக்கிறான். டச்சு மாலுமிகளின் கண் முன்னால் ஒரு காலத்தில் மலர்ந்த பழைய தீவு, புதிய உலகின் பசுமையான மார்பு, அவனுக்குத் தெரிகிறது. எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம் இது. இதற்குச் சற்று முன்னால் நடப்பதை யாரும் காட்டுவதில்லை.

கேட்ஸ்பியின் காலி வீட்டு வெள்ளைப் படியில் ஏதோ ஒரு பையன் செங்கல் துண்டால் ஒரு கெட்ட வார்த்தையைக் கிறுக்கி வைத்திருக்கிறான். நிலா வெளிச்சத்தில் அது பளிச்சென்று தெரிகிறது. நிக் தன் ஷூவைக் கல்லில் கரகரவென்று தேய்த்து அதை அழிக்கிறான். அழித்துவிட்டுத்தான் கடற்கரைக்கு இறங்குகிறான். அங்கே நிலா ஏற ஏற, தேவையில்லாத வீடுகளெல்லாம் கரைந்துபோகத் தொடங்குகின்றன. பிறகுதான் பழைய தீவு தெரிகிறது. அந்தக் கன்னி நிலம் தானாக வரவில்லை. முதலில் படி துடைக்கப்படுகிறது, அடுத்து வீடுகள் கரைக்கப்படுகின்றன, அதற்குப் பிறகே காட்சி. இந்த வரிசையை உங்கள் தாளில் அப்படியே எழுதுங்கள். நாவல் முழுவதிலும் நிக் என்ன செய்கிறான் என்பதற்கு இதைவிடச் சிறிய சான்று கிடைக்காது. கேட்ஸ்பியின் கதையையே இப்படித் துடைத்துத்தான் நமக்குக் கொடுக்கிறான்.

இனி மூன்று கேள்விகள். பார்ப்பவன் நிக், மத்திய மேற்கிலிருந்து 1922 வசந்தத்தில் கிழக்கே வந்து கடன் பத்திரம் விற்கும் தொழிலில் இறங்கியவன். அவன் வாயிலாகப் பார்ப்பவர்கள் டச்சு மாலுமிகள். அவர்கள் கவிதை பாட வந்தவர்கள் அல்ல. 1609இல் ஹென்றி ஹட்சன் அந்தப் பக்கம் வந்தது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளத்தில், ஆசியாவுக்குக் கடல்வழி தேடி. நாவலில் மரங்கள்கூட சும்மா நிற்கவில்லை. கேட்ஸ்பியின் வீட்டுக்காக வெட்டப்பட்ட அந்த மரங்கள், மனிதனின் கடைசிப் பெருங்கனவுக்கு அன்றைக்கே கிசுகிசுத்துத் தரகு வேலை பார்த்தவை என்கிறது பத்தி. முதல் பார்வையிலேயே வியாபாரம் கலந்துவிட்டது. ஒரு காலத்தில் தூய்மை, பிறகு பணம் வந்து கெடுத்தது என்று இரண்டாக வெட்டி எழுதும் கட்டுரைகள் இங்கேதான் தடுக்கி விழும். நான்காவது நெடுவரிசைக்கு என்ன எழுதுவது? அந்தக் கரைகளில் வாழ்ந்த பூர்வகுடிகளான லெனாபே மக்கள் பத்தியில் இல்லை. 'உரிமை: காலி' என்று எழுதி வட்டமிடுங்கள்.

கையெழுத்துப் பிரதியில் இந்தப் பத்தி முதல் அத்தியாயத்தின் முடிவில் இருந்தது, பின்னரே கடைசிக்கு நகர்த்தப்பட்டது. முதலிலேயே வந்திருந்தால் கதைக்குப் பின்னணிப் படமாகப் போயிருக்கும். கடைசியில் வருவதால் படித்து முடித்ததையெல்லாம் திரும்பிப் பார்க்க வைக்கிறது. பின்னாலிருந்து தொடங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து புல்தரையைப் பிடித்து முன்னோக்கி வாருங்கள். விளக்கைவிடப் புல் நல்ல வழிகாட்டி. முதல் அத்தியாயத்தில் டெய்சியின் கணவன் டாமின் புல்தரை கடற்கரையில் புறப்பட்டு, சூரியக் கடிகாரங்களையும் செங்கல் பாதைகளையும் தாண்டி, கால் மைல் ஓடி வாசலில் ஏறுகிறது. கேட்ஸ்பிக்கு நாற்பது ஏக்கருக்கு மேல் புல்லும் தோட்டமும். ஐந்தாம் அத்தியாயத்தில், தான் காதலிக்கும் டெய்சி வரப்போகிறாள் என்று நிக்கின் புல்லை வெட்ட கேட்ஸ்பியே ஆள் அனுப்புகிறான். ஒன்பதில் கேட்ஸ்பி இல்லை, அவன் புல்லும் நிக்கின் புல் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரே பொருள் நான்கு முறை வருகிறது, நான்கு முறையும் யார் காசு என்பது தெளிவு. நல்ல கட்டுரை ஒன்றுக்கு இதுவே போதும்.

சாம்பல் பள்ளத்தாக்கு இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கம். சாம்பல் கோதுமை மாதிரி விளைகிறது, மேடாகிறது, தோட்டமாகிறது. பண்ணை வர்ணனைக்கு உரிய சொற்களையெல்லாம் குப்பைக்குப் போட்டுக் காட்டுகிறார். இது கற்பனை இடம் அல்ல. க்வீன்ஸ் பகுதியில் இருந்த கொரோனா சாம்பல் கொட்டும் மைதானம்தான் மூலம். ப்ரூக்ளின் அடுப்புகளின் நிலக்கரிச் சாம்பல் அங்கே வந்து குவிந்தது. பின்னால் அதைச் சமப்படுத்தி 1939 உலகக் கண்காட்சி நடத்தினார்கள். இன்று அது ஃப்ளஷிங் மெடோஸ் பூங்கா.

பச்சை நிறத்தை எண்ணிக்கொண்டு போவதில் ஒரு பொறி இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் டாமின் காதலி மிர்ட்டிலை அடித்துக் கொன்ற காரை, சாட்சியான மைக்கேலிஸ் வெளிர்பச்சை என்கிறான், இன்னொரு சாட்சி மஞ்சள் என்கிறான். பச்சை என்றால் நம்பிக்கை என்று எழுதிவைத்தவர்கள் இங்கே விழிப்பார்கள். நிறத்துக்கு அகராதி போடாதீர்கள். விளக்கை மட்டும் பார்க்கப் போதுமானது மூன்று இடங்கள்: ஒன்றாம் அத்தியாய முடிவு, ஐந்தாம் அத்தியாயம், கடைசிப் பக்கம். ஐந்தில் டெய்சி பக்கத்திலேயே நிற்கிறாள், விளக்கு வெறும் படகுத்துறை விளக்காகிவிடுகிறது, மந்திரப் பொருள்களின் கணக்கில் ஒன்று குறைந்தது என்கிறான் நிக். கைக்கு வந்ததும் இலட்சியம் தேய்கிறது என்பதை நாவலே அங்கே சொல்லிவிட்டது.

மை அன்டோனியா: ஏரும் கல்லறையும்

இந்த நாவலில் எல்லோருக்கும் தெரிந்த படம், இரண்டாம் பாகம் பதினான்காம் அத்தியாயத்தில் அஸ்தமனச் சூரியனுக்கு நடுவே கறுப்பாக நிற்கும் ஏர். அட்டைப்படங்களில்கூட வந்துவிடும். குடியேறிகளின் வீரச் சின்னம் என்று சொல்லி நிறுத்தக் கூடாது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு பக்கம் படியுங்கள். முன்னால், கதைசொல்லி ஜிம் தோழிகளிடம் ஸ்பெயின் தளபதி கொரொனாடோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நிலத்தை உழும்போது ஒரு விவசாயிக்குக் கிடைத்த ஸ்பானிய வாளும் பேச்சில் வருகிறது. பின்னால், சூரியன் இறங்கியதும் ஏர் தன் சிறிய உருவத்துக்கே திரும்பிவிடுகிறது. வாள், ஏர், இருட்டு என்று போகிறது காட்சி. பெருமை சில நிமிஷத்துக்குத்தான்.

எங்களைக் கேட்டால் நாவலின் மையச் சின்னம் ஏர் அல்ல. முதல் பாகம் பதினாறாம் அத்தியாயத்தில் வரும் கல்லறை. தற்கொலை செய்துகொண்ட, அன்டோனியாவின் அப்பா ஷிமெர்டாவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்படுகிறது. அவர் நிலத்தின் தென்மேற்கு மூலையில், பின்னால் அளவைக் கோடுகள் வழியே இரண்டு சாலைகள் சந்திக்கவிருக்கும் இடத்தில், புதைக்கிறார்கள். காலம் போகிறது. மேய்ச்சல் வெளி முடிந்து, செம்புல் உழுது உழுது அழிந்து, வயலெல்லாம் வேலிக்குள் போய்விட்டது. முன்பு இஷ்டம்போல் ஓடிய பாதைகள் இப்போது நேர்கோட்டில் போகின்றன. ஆனால் அந்த மூலையில் மட்டும் வடக்கிலிருந்து வரும் சாலை கொஞ்சம் கிழக்கே வளைகிறது, மேற்கிலிருந்து வருவது கொஞ்சம் தெற்கே ஒதுங்குகிறது. நடுவில் தொய்ந்த கம்பி வேலி, வர்ணம் அடிக்காத மரச்சிலுவை, யாரும் வெட்டாத உயரமான செம்புல், சின்னத் தீவு மாதிரி.

1785இன் சதுரக் கட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு இதைப் படித்தால்தான் அந்த வளைவின் அருமை புரியும். நாடு முழுக்கப் போட்ட கோடு ஒரு பிணத்துக்காக ஒதுங்கியிருக்கிறது. உழாத மண் மிஞ்சியது, சமூகம் இடம் தர மறுத்த ஒருவன் கிடக்கும் சில அடி நிலத்தில்.

இப்போது முன்னுரைக்கு வாருங்கள். கதை சொல்லும் ஜிம் பர்டன் யார்? மேற்கே ஓடும் பெரிய ரயில்வே கம்பெனி ஒன்றின் வக்கீல். ரயில் ஓடும் அந்த நிலத்தின் மேல் அவனுக்குப் பாசம், அதன் வளர்ச்சியில் அவனுக்குக் கை உண்டு என்று முன்னுரையே சொல்கிறது. புல்வெளி போயிற்றே என்று முன்னூறு பக்கம் உருகுகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பது, அந்தப் புல்வெளியை வயலாகவும் ஊராகவும் மாற்றிய ரயில். ஜிம்மின் ஏக்கத்தை கேதரின் ஏக்கம் என்று அப்படியே எழுதுவது இந்த நாவலில் அதிகம் காணும் தவறு. முன்னுரையைப் படித்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள்.

மூன்றாவது கேள்விக்கும் பதில் உண்டு, மெல்லிய கோடாக. முதல் பாகம் ஒன்பதாம் அத்தியாயத்தில் முதல் பனி லேசாகப் பெய்ததும், புல்லில் மறைந்திருந்த ஒரு பெரிய வட்டம் தெரிகிறது. பூர்வகுடிகள் குதிரை ஓட்டிய தடம். கைதிகளைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்த இடம் என்று பண்ணையாட்கள் சத்தியம் செய்கிறார்கள். குதிரை பழக்கிய இடமாக இருக்கும் என்கிறார் ஜிம்மின் தாத்தா. நெப்ராஸ்காவில் இருந்த பானி மக்கள் 1870களில் தெற்கே, பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய 'இந்தியப் பிரதேச'த்துக்குப் போக நேர்ந்தது. கேதரின் குடும்பம் அங்கே வந்தது 1883இல். சில வருஷ இடைவெளிதான், ஆனால் நாவலில் அது தொல்பழங்காலத் தடம்போல் ஆகிவிட்டது. அந்த அத்தியாயம் இந்தத் தொலைவை எப்படி உண்டாக்குகிறது என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்.

ஃபாக்னர்: கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் காடு புரியாது

'தி பேர்' படிக்க முதலில் வேண்டியது ஒரு வம்சப் பட்டியல். பதிப்பில் இல்லையென்றால் நீங்களே வரையுங்கள்: மேலே கிழவர் கரோதர்ஸ் மெக்காஸ்லின், அடுத்த வரிசையில் பக், பட்டி என்ற இரட்டை மகன்கள், பக்கின் மகன் ஐக். இன்னொரு கிளையில் அடிமைகள்: யூனிஸ், அவள் மகள் தோமசினா, அவள் மகன் டர்ல். இது பக்கத்தில் இல்லாமல் நான்காம் பகுதிக்குள் நுழைந்தவர்கள் பாதியில் திரும்பிவிடுவார்கள். வாக்கியங்கள் பக்கக்கணக்கில் ஓடும். முற்றுப்புள்ளிக்குக் காத்திருக்காமல், பேசுகிறவர் ஐக்கா அவன் உறவினன் எட்மண்ட்ஸா என்பதை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.

முதல் பகுதியில் சிறுவன் ஐக் கரடியைப் பார்க்கத் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிறான். போதவில்லை. கைக்கடியாரத்தையும் திசைகாட்டியையும் ஒரு புதரில் தொங்கவிட்டு வழிதவறிய பிறகே ஈர மண்ணில் கரடியின் காலடி தெரிகிறது. தண்ணீர் இன்னும் ஊறி நிரம்பிக்கொண்டிருக்கும் தடம். அடுத்து கரடியே. காலம், திசை, ஆயுதம் மூன்றையும் கழற்றினால்தான் காடு முகம் காட்டும் என்பது தெளிவான சடங்கு. இந்த இடத்தோடு நிறுத்தினால் அழகான கட்டுரை வரும், தவறான கட்டுரை.

நான்காம் பகுதி 1888. ஐக்குக்கு 21 வயது, பண்ணை அவனுக்கு வர வேண்டிய நாள். வேண்டாம் என்கிறான். காரணம் கணக்குப் புத்தகத்தில். யூனிஸை 1807இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கியதாக ஒரு வரி. 1832 கிறிஸ்துமஸ் அன்று அவள் ஓடையில் மூழ்கினாள் என்று இன்னொரு வரி. ஏன் மூழ்கினாள்? கிழவர் தனக்கு அவளிடம் பிறந்த மகள் தோமசினாவையே கர்ப்பமாக்கியிருந்தார். சாமான் கணக்கு எழுதும் அதே மை, அதே கொச்சை எழுத்து. நிலத்தை வாங்கியதும் மனிதரை வாங்கியதும் ஒரே புத்தகத்தில் இருப்பதால்தான், காட்டின் தூய்மையைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பேச முடியாது. அதற்கும் முன்னால் அந்த நிலத்தை விற்ற சிக்கசா தலைவர் இக்கெமொடுபேயையும் ஐக் விடுவதில்லை. விற்க முடியும் என்று நினைத்த நொடியிலேயே அது அவருடையதாக இல்லாமல் போயிற்று என்பது அவன் வாதம்.

ஐந்தாம் பகுதியில் காட்டின் சொந்தக்காரர் மேஜர் டி ஸ்பெயின் மரம் வெட்டும் உரிமையை மெம்ஃபிஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டார். பாதி கட்டி முடித்த இழைப்பு ஆலையும் அடுக்கிய தண்டவாளங்களும் ஐக் கண்ணில் படுகின்றன. கடைசியில் வேட்டைக் கூட்டத்தில் இருந்த பூன், அணில்கள் நிறைந்த தனிமரத்தடியில் உட்கார்ந்து, உடைந்த துப்பாக்கியை அடித்துக்கொண்டு, அவை எல்லாம் தன்னுடையவை, தொடாதே என்று கத்துகிறான். கரடியைக் கொன்றவன் அவன்தான். கதை உடைமைக் கூச்சலில் முடிகிறது, அதை 'இயற்கையின் அழிவு' என்று மொழிபெயர்த்து மழுப்பக் கூடாது.

ஐக்கை மகான் ஆக்கிவிடுவதும் வழக்கமான சறுக்கல். அதே புத்தகத்தில் 'டெல்டா ஆட்டம்' (Delta Autumn) கதையையும் சேர்த்துப் படியுங்கள். கிழவன் ஐக் காட்டைத் தேடி 200 மைல் காரில் போக வேண்டியிருக்கிறது. அங்கே வந்து நிற்கும் ஒரு பெண் தன் வம்சத்தின் கறுப்புக் கிளை என்று தெரிந்ததும் அவளை வடக்கே போகச் சொல்லி அனுப்புகிறான். பண்ணையைத் துறந்தவனால் அதன் கணக்கைத் துறக்க முடியவில்லை.

கூப்பரும் ட்வைனும், சுருக்கமாக

கூப்பரில் பார்க்க வேண்டியது வரிசை. 'தி பயனியர்ஸ்' (1823) நாவலில் வேட்டைக்காரன் நாட்டி பம்போ கிழவன். 'தி ப்ரெய்ரி' (1827) நாவலில் சாகிறான். 1841இல் வந்த 'தி டீர்ஸ்லேயர்' நாவலில் அதே ஓட்ஸிகோ ஏரிக்கரையில், ஊர் வருவதற்கு முன்னால், இளைஞனாக இருக்கிறான். கடைசியில் எழுதிய நாவலில் ஆள் இளமையாகிறான், நிலம் தூய்மையாகிறது. இழப்பு முதலில் எழுதப்பட்டது, சொர்க்கம் பின்னால் கட்டப்பட்டது. நேரம் குறைவென்றால் 'தி பயனியர்ஸ்' இருபத்திரண்டாம் அத்தியாயம் மட்டும் போதும். வானத்தை மறைத்து வரும் புறாக்கூட்டத்தைப் பீரங்கி வைத்துச் சுடுகிறார்கள், நாட்டி ஒரே ஒரு புறாவைச் சுட்டுவிட்டு நடக்கிறான். அந்தப் பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது.

'ஹக்கிள்பெரி ஃபின்'னில் பத்தொன்பதாம் அத்தியாயத்தின் விடியல் பகுதி. ஆற்றில் வெளிச்சம் வருவதை ஹக் சொல்லும் அழகைப் பார்த்துவிட்டு, அதே மூச்சில் வரும் இரண்டைக் குறியுங்கள்: கரையில் போட்ட செத்த மீனின் நாற்றம், அளவில் ஏமாற்ற இடைவெளிவிட்டு அடுக்கிய விறகுக் கட்டு. அந்த அடுக்கின் எந்தச் சந்திலும் ஒரு நாயைத் தூக்கிப் போடலாமாம். ட்வைன் மோசடியைக் காட்சிக்குள்ளேயே வைத்துவிடுகிறார். கடைசியில் ஹக் ஓடப் பார்க்கும் 'டெரிட்டரி', கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட செரோக்கி முதலான மக்களைக் கொண்டுபோய் விட்ட இடம்.

கட்டுரை எழுதும்போது

திணையை ஒட்டவைக்காதீர்கள். புல்வெளி முல்லை, காடு குறிஞ்சி என்று எழுதும் ஆசை நமக்கு எளிதில் வரும். திணையில் நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள உறவு கவிஞருக்கும் கேட்பவருக்கும் பொதுவான மரபு. இந்த நாவல்களில் நிலத்தின் பொருளை அந்தந்த நாவலே கட்ட வேண்டும், கட்டியதை அதுவே சந்தேகிக்கவும் செய்யும். ஒப்பிட வேண்டுமென்றால் இந்த வித்தியாசத்தை எழுதுங்கள்.

விமர்சகர்களில் இரண்டு பேர் போதும். ரயிலோ ஆலையோ அமைதியான காட்சிக்குள் நுழையும் இடங்களுக்கு லியோ மார்க்ஸ் (1964). நிலத்தைப் பெண்ணுடலாக வர்ணிக்கும் இடங்களுக்கு அனெட் கொலோட்னி (1975). டச்சு மாலுமிகள் பத்திக்கு இரண்டாமவர் இல்லாமல் எழுதவே கூடாது. இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் உங்கள் வாசிப்பு அவர்கள் கூட்டத்தில் காணாமல் போகும்.

மறுபக்கத்துக்கு, பூர்வகுடி எழுத்தாளர் லூயிஸ் எர்ட்ரிக்கின் 'ட்ராக்ஸ்' (1988) நாவலை ஃபாக்னரின் ஐந்தாம் பகுதிக்குப் பக்கத்தில் வையுங்கள். அங்கேயும் மரக் கம்பெனி வருகிறது. 1887இன் டாஸ் சட்டம் பூர்வகுடி நிலத்தைத் தனிநபர் துண்டுகளாக்கியது. 1934க்குள் அவர்கள் கையிலிருந்த நிலம் சுமார் 13.8 கோடி ஏக்கரிலிருந்து 4.8 கோடியாகச் சுருங்கியது. நாவலில் பூர்வகுடிப் பெண் ஃப்ளர் பில்லஜரின் நிலம் போவது வரி கட்டும் பணம் வேறொரு துண்டுக்குக் கட்டப்பட்டதால். கம்பெனி ஆட்கள் வந்து நிற்கும்போது மரங்கள் தாமாகச் சாய்கின்றன, அவள் முன்கூட்டியே அடியில் அறுத்துவைத்திருக்கிறாள். ஐக் வருந்தி நின்ற இடத்தில் இவள் ரம்பம் எடுத்திருக்கிறாள். இங்கே 'கை படாத நிலம்' என்ற பேச்சே இல்லை, தலைமுறைகளாகக் கை பட்ட நிலம்.

பத்தி அமைப்புக்கு ஒரு கணக்கு: ஒரு காட்சி, அதிலிருந்து இரண்டு வரிக்கு மிகாத மேற்கோள், அதற்கு ஒரு பக்கம் முன்னால் நடப்பது, பிறகு உரிமைக் கேள்வி. 'குறிக்கிறது' என்ற வினையை ஒரு பத்தியில் ஒரு முறைக்கு மேல் எழுத நேர்ந்தால் காட்சியை விட்டு விலகிவிட்டீர்கள். தாளுக்குத் திரும்பி நான்காவது நெடுவரிசையில் வட்டமிட்ட காலி இடங்களை எடுத்து, அவற்றில் ஒன்றிலிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள்.